ஏரிக்கும் அறைக்கும் நடுவே எத்தனை படி: கொடைக்கானலில் மூன்று இரவு

அம்மாவுக்கு 69 வயது. வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பதினொரு மாதம். பெரியம்மாவுக்கு 74. பிரஷருக்கு மாத்திரை போடுகிறார். வண்டி வளைந்து வளைந்து ஏறினால் குமட்டும். இந்த இருவரையும் பெரம்பூரிலிருந்து கொடைக்கானலுக்கு அழைத்துப்போய், ஏரிக்கரையில் ஒரு சாதாரண லாட்ஜில் மூன்று இரவு தங்கவைத்துக் கூட்டிவருவது என் பொறுப்பு. மூன்று பேருக்கும் சேர்த்து ஒதுக்கிய பணம் 25,000 ரூபாய். பிப்ரவரியில் ஒரு செவ்வாய் முதல் வெள்ளி வரை.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை நான் வாசிக்க ஆரம்பித்ததுமே பெரியம்மா கையமர்த்திவிட்டார். “அங்க இங்க ஓட வேணாம்மா. தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவ்ளோதான்.” அம்மாவும் அதையேதான் சொன்னார். அப்படியென்றால் எல்லாம் லாட்ஜைப் பொறுத்தது. நாள் முழுக்க வெளியே சுற்றுகிறவர்களுக்கு அறை வெறும் தூங்குகிற இடம். இவர்களுக்கோ அறையும் அதன் வாசலும்தான் முழுப் பயணமும்.

திரும்பி வந்து யோசித்துப் பார்த்தால், நல்லபடியாக நடந்ததும் சிக்கலானதும் ஏறக்குறைய எல்லாமே ஏரிக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற சரிவில் தீர்மானமாகியிருக்கிறது. வயதானவர்களோடு மலைக்குக் கிளம்பும் வீடுகளுக்கு உதவும் என்பதால், எந்த முடிவை ஏன் எடுத்தேன், எங்கே தவறியது என்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரைத் தேர்ந்தது

ஏற்காடு இன்னும் பக்கம். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் சுமார் 1,500 மீட்டர் என்பதால் குளிரும் மிதம். உடம்பை மட்டும் பார்த்தால் அதுதான் லேசான தேர்வு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இருந்தும் அதை எடுத்ததற்குக் காரணம் ஏரியைச் சுற்றிப் போகும் சாலை. ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அம்மாவை நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஏற்ற இறக்கத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மலை ஊரில் இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடங்கள் குறைவு.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொடையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். அக்டோபர், நவம்பரில் நல்ல மழை. ஏப்ரல், மே கூட்டம். பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும், வார நாட்களில் வாடகையும் இறங்கியிருக்கும். தெளிந்த வானம் இரவில் என்ன செய்யும் என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. அது பின்னால் வருகிறது.

முதலில் பிடித்துப்போன லாட்ஜ்

படத்தில் ஜன்னல் வழியாக ஏரி முழுசாகத் தெரிந்தது. வாடகையும் நம் கைக்குள். அன்றே அட்வான்ஸ் போட்டிருப்பேன். பணம் அனுப்பும் முன் ஒரு தடவை போன் செய்ததால் தப்பித்தோம்.

“வண்டி நிக்கிற இடத்துலேர்ந்து ரூமுக்கு எத்தனை படி சார்?”

“கொஞ்சம்தான் மேடம், அஞ்சு பத்து படி இருக்கும்.”

“எண்ணிச் சொல்ல முடியுமா? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு.”

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். 43 படி. அதில் பாதிக்குமேல் கைப்பிடி இல்லாத கல்படி.

அவர் மறைக்க நினைத்தார் என்று நான் நினைக்கவில்லை. தினமும் ஏறி இறங்குகிறவர் படியை எண்ணுவதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கொடைக்கானல் ஏரி தானாக உண்டானதல்ல. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஒரு ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பித் தேக்கியது. சுமார் 60 ஏக்கர், நட்சத்திரம் போல் கைகள் நீண்ட வடிவம். ஓடையைத் தேக்கினால் தண்ணீர் பள்ளத்தில்தான் நிற்கும். ஏரி கிண்ணத்தின் அடியில் இருக்கிறது, ஊர் கிண்ணத்தின் விளிம்பிலும் சரிவிலும் இருக்கிறது. ஜன்னலில் ஏரி முழுசாகத் தெரிந்தால் அந்த ஜன்னல் சரிவின் மேலே இருக்கிறது என்று பொருள். தண்ணீருக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் அந்த உயரம் முழுவதையும் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். கரையோடு ஒட்டிய லாட்ஜிலிருந்து மரங்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தண்ணீர்தான் தெரியும். ஆனால் வாசலைத் தாண்டினால் ஏரி.

அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். யோசிக்கவே இல்லை, “கரைல இருக்கறதையே பாரு” என்றார். அப்புறம் தன் அளவுகோலையும் கொடுத்தார். “படி ஒரு சாணுக்குள்ள இருந்தா ஏறிடுவேன். அதுக்கு மேல போனா முட்டி ஒத்துக்காது.” வலது கையை விரித்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தோம். ஏழே முக்கால் அங்குலம்.

மேனேஜரின் கை

ஏரிச் சாலையில் பத்துப் பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு பழைய லாட்ஜ் கிடைத்தது. பெயர் வேண்டாம். மூன்று கட்டில் போட்ட அறை இல்லை. இரண்டு பேர் அறைக்கு 2,000, எக்ஸ்ட்ரா பெட் 500. மேனேஜர் பொறுமைசாலி. நான் கேட்டதெல்லாம் விசித்திரமாகப் பட்டிருக்கும், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

வாசலில் மூன்று படி. கீழ்த்தள அறை வரை வேறு படி இல்லை. குளியலறைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு படி. அந்தப் படி ஒரு சாணுக்குள் இருக்குமா என்றேன். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: ஈரம் காயாத சிமென்ட் படி, அதன் பக்கவாட்டில் அவருடைய கை சாண் விரித்து நிற்கிறது. கட்டைவிரல் தரையில், சுண்டுவிரல் படியின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே. அம்மா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். “ஆம்பள கை. அவருக்கே அவ்ளோ மிச்சம் இருக்குன்னா நமக்குச் சரியா இருக்கும்.” அதோடு அறை முடிவாகிவிட்டது.

வெந்நீரைப் பற்றிக் கேட்டதும் முக்கியம். சாதாரண லாட்ஜுகளில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் குழாயில் வெந்நீர் வரும். மற்ற நேரத்தில் பக்கெட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கேயும் அதே. கீசர் கரண்டா, கேஸா என்றும் கேட்டேன். கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்து, குளிருக்காக ஜன்னலையும் மூடிவிட்டால், கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர்காய்வதும் அப்படித்தான். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. வாடகை எவ்வளவு குறைந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வரி: 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12. பில் போடும்போது பழைய கணக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரயில்

பேருந்து என்றால் கிளாம்பாக்கத்திலிருந்து இரவு முழுக்கப் போக வேண்டும், வண்டியில் பெரும்பாலும் கழிப்பறை இருக்காது. ஆகவே ரயில், கொடைரோடு வரை பாண்டியன் எக்ஸ்பிரஸ்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள். டிக்கெட் எடுத்த விதம்தான் இங்கே சொல்ல வேண்டியது. மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போடவில்லை. லோயர் பெர்த் ஒதுக்கீடு 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் உண்டு. ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்க வேண்டும். அம்மாவும் பெரியம்மாவும் ஒரு டிக்கெட், நான் தனி டிக்கெட். அவர்கள் இருவருக்கும் கீழ் பெர்த்தே கிடைத்தது. எனக்கு அதே பெட்டியில் மேல் பெர்த். குடும்பத்தோடு சேர்த்துப் போட்டால்தான் பாதுகாப்பு என்று நினைத்து மூன்றாவது பெயரைச் சேர்த்திருந்தால், முட்டி மாற்றியவருக்கு நடு பெர்த் வந்திருக்கலாம்.

கொடைரோட்டில் ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான், அதுவும் விடியலுக்கு முன்னால். திண்டுக்கல் தாண்டியதுமே எழுந்து, பைகளைக் கதவருகே கொண்டுவந்து வைத்துவிட்டோம். நான் முதலில் இறங்கி நின்றேன். அம்மா நல்ல காலை மேலே ஊன்றி, ஆபரேஷன் ஆன காலை முதலில் இறக்கினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடம் மூன்று நாளும் உதவியது.

அங்கிருந்து டாக்சி. கொடை 80 கிலோமீட்டர். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கும் ஊட்டிக்கும் வெளியிலிருந்து போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. எங்கள் டிரைவர் முந்தின நாளே எடுத்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்பதால் வீட்டிலிருந்தே இரண்டு எவர்சில்வர் பிளாஸ்க். பெரியம்மாவுக்கு முன் சீட், வத்தலக்குண்டில் இரண்டே இரண்டு இட்லி, குமட்டலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மலை ஏறுவதற்கு அரை மணி முன்பே. வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வண்டியை நிறுத்தச் சொல்லவே இல்லை.

போய் இறங்கியதும்

காலை ஒன்பதரைக்கு லாட்ஜ் வாசலில் நின்றோம். செக்-இன் பன்னிரண்டு மணி. வார நாள் என்பதால் சீக்கிரமே அறை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவர் லீவு. ரிசப்ஷனில் இருந்த பையன் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “மேல ரூம் ரெடியா இருக்கு மேடம்” என்றான்.

“கீழ் ரூம்னு சொல்லித்தானே அட்வான்ஸ் போட்டோம்?”

“கீழ நேத்து நைட்டே ஒரு ஃபேமிலி வந்துட்டாங்க. இதுல டபுள் ரூம்னு மட்டும்தான் எழுதியிருக்கு.”

அவன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். உண்மைதான். என் பெயர், போன் நம்பர், ‘டபுள் + 1’. கீழ்த்தளம் என்பது எங்கேயும் இல்லை. மாடிக்கு 18 படி.

இந்த இடத்தில் தவறு என்னுடையதும்தான். படியின் உயரத்துக்கு வாட்ஸ்அப்பில் படமே வாங்கி வைத்திருந்தேன். எந்த அறை என்பதை மட்டும் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டேன். சிறிய லாட்ஜ்களில் போனில் பேசுகிறவரும் சாவி கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பார் என்று நம்ப முடியாது. அவர்களுக்குள் இருக்கிற ஒரே தொடர்பு அந்தப் பதிவேட்டின் ஒரு வரி. ‘கீழ்த்தளம், அறை எண் இது’ என்று நாமே ஒரு செய்தி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொண்டிருந்தால் அந்த வரி மாறியிருக்கும்.

பையன் நல்லவன். மேனேஜரைப் போனில் பிடித்தான், கீழே இருந்தவர்கள் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்கிறார்கள் என்று உறுதி செய்தான், அதுவரை அம்மாவும் பெரியம்மாவும் பயன்படுத்திக்கொள்ளக் கீழேயே இருந்த ஸ்டாஃப் பாத்ரூமைக் கழுவிவிட்டுத் திறந்துவிட்டான். இரண்டரை மணி நேரம் ரிசப்ஷன் சோபாவில். டீ மூன்று தடவை வந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குளிரில் டம்ளரும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. பெரியம்மா மூன்றாவது டீயைப் பிளாஸ்க்கில் ஊற்றி மூடி வைத்துக்கொண்டார்.

முதல் இரவு

அறை ஏரியைப் பார்த்தபடி இருந்தது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் வெயில் போய்விட்டது. எட்டு மணிக்கு ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் நீர்த்துளி. கம்பளியைத் தொட்டால் ஈரம் போலவே இருந்தது. நனைந்திருக்கவில்லை, ஆனால் உள்ளங்கையில் ஒட்டுகிற ஒரு சில்லென்ற பதம். பெரியம்மா தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டார். இரண்டு மணிக்கு எழுந்து சால்வையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு முட்டி இறுகி, காலையில் கட்டிலிலிருந்து எழ கால் மணி நேரம் பிடித்தது.

மழை இல்லாத மாதம், ஏன் இப்படி? மறுநாள் வந்த மேனேஜர், ஏரியோரம் எப்போதும் இப்படித்தான், மேலே பஸ் ஸ்டாண்ட் பக்கம் இவ்வளவு இருக்காது என்றார். அவர் சொன்னதில் உள்ள காரணம் எளிமையானது. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. கொடையில் அந்தப் பள்ளம் ஏரிதான். அதோடு ஏரியின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. குளிர்காலத்தில் உறைபனி படர்வதும் ஏரியை ஒட்டிய தாழ்வான புல்வெளிகளில்தான். ஆக, படிக்குப் பயந்து கீழே வந்த நாங்கள், குளிர் வந்து சேருகிற இடத்தில் படுத்திருந்தோம். சரிவின் மேலே படி, கீழே குளிர். இரண்டில் ஒன்றைச் சமாளித்தே ஆக வேண்டும்.

“பின்பக்கம் ஒரு ரூம் இருக்கு மேடம். ஏரி தெரியாது, அதான் யாரும் கேக்க மாட்டாங்க. 300 ரூபா கம்மி.”

போய்ப் பார்த்தேன். அதே கீழ்த்தளம். கிழக்கே ஒரு சின்ன முற்றம், துணி காயவைக்கும் கம்பி. மணி எட்டு, முன் அறையில் இன்னும் நிழல், இங்கே கட்டில் மேலேயே வெயில் விழுந்திருந்தது. மெத்தையின் ஓரத்தைத் தூக்கி அடியில் கைவைத்தேன். காய்ந்திருந்தது. பெரியம்மா என்ன சொல்வாரோ என்றுதான் தயக்கம், ஏரிக்காகவே வந்தவர். அவர் ஏற்கனவே பையை எடுத்துவிட்டார். “ஏரி எங்கம்மா போயிடப் போவுது. பத்தடி நடந்தா நிக்குது.”

மீதி இரண்டு இரவும் அங்கேதான். பகலில் கம்பளிகளை முற்றத்துக் கம்பியில் போட்டு, மூன்று மணிக்கே, வெயில் இறங்குமுன், உள்ளே எடுத்துவிடுவோம். இரண்டு வெந்நீர்ப் பை வாங்கி வந்திருந்தோம். ஒன்று அம்மாவின் முட்டிக்கடியில், ஒன்று பெரியம்மாவின் காலடியில். இருவரும் ஆறு மணி வரை தூங்கினார்கள்.

அடுத்த முறை போனில் கேட்க இன்னொரு கேள்வி அப்படித்தான் கிடைத்தது: காலையில் அந்த அறைக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும்? இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிறவர் அந்த அறையை உண்மையாகவே அறிந்தவர்.

பகல்கள்

பகலைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. காலை எட்டரைக்கு மேல் ஏரியிலிருந்து பனி எழும். முதலில் எதிர்க்கரை மரங்களின் உச்சி மட்டும் தெரியும், பிறகு படகுகள், கடைசியில் தண்ணீர். லாட்ஜ் வாசலிலிருந்து முதல் பெஞ்ச் 140 அடி, என் அடியில். அம்மா முதல் நாள் அதுவரை, இரண்டாம் நாள் மூன்றாவது பெஞ்ச் வரை, கடைசி நாள் ஒரு கிலோமீட்டர் போய்வந்தார். பெரியம்மா ஒரு பையில் சுண்டலும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு பதினொரு மணி வரை அசையமாட்டார். ஒரு மத்தியானம் மட்டும் டாக்சி பிடித்துக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018, அடுத்தது 2030. பெரியம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கும் நாள்

திட்டத்தில் பெரிய ஓட்டை இங்கேதான். அறையைப் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். கொடைரோட்டில் ரயில் இரவு பத்து மணிக்குப் பக்கம். நடுவில் பத்து மணி நேரம். வயது குறைந்தவர்கள் ஊர் சுற்றி ஒப்பேற்றிவிடலாம். இவர்களுக்குப் படுக்க ஓர் இடமும், பக்கத்திலேயே கழிப்பறையும் வேண்டும்.

அரை நாள் வாடகை 1,000 கொடுத்து மூன்று மணி வரை அறையை வைத்துக்கொண்டேன். அதற்குமேல் தாமதித்தால் இருட்டிலும் மூடுபனியிலும் மலை இறங்க வேண்டியிருக்கும். வழியில் நிலக்கோட்டையில் அம்மா மல்லிகை வாங்கினார். ஆறரைக்கு ஸ்டேஷன். அங்கிருந்து மூன்றரை மணி நேரம் இரும்பு நாற்காலியில். மலைக்குளிரிலிருந்து திடீரென்று கீழ்ச் சூட்டுக்கு வந்ததில் பெரியம்மாவுக்குத் தலைவலி. அம்மாவை அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பி பிளாட்பாரத்தில் நடக்கவைத்தேன். அப்படியும் ரயில் ஏறும்போது முட்டி மடங்கவில்லை, பின்னாலிருந்த ஒருவர் இடுப்பைத் தாங்கி ஏற்றிவிட்டார். மூன்று நாளில் சேர்த்த தெம்பு அந்த மூன்றரை மணி நேரத்தில் கரைந்துபோனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

செலவு 24,000க்குள் முடிந்தது. அந்த மிச்சத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால், மதியமே நிதானமாக இறங்கி, கடைசி இரவைத் திண்டுக்கல்லில் கழித்துவிட்டு, காலையில் வைகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து பிற்பகலில் எழும்பூர் வந்திருக்கலாம். அடுத்த பிப்ரவரிக்கு அப்படித்தான். பின்பக்க அறையை இரண்டு இரவுக்கு, அறை எண்ணோடு எழுதி வாங்கிவிட்டேன். திண்டுக்கல்லில் ஸ்டேஷனுக்குப் பக்கமாகக் கீழ்த்தள அறையோ லிஃப்ட்டோ உள்ள லாட்ஜ் எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.